ஆமை ஓடச் சொன்ன நாள்

கப்பல் வந்துவிட்டது என்று முதலில் சொன்னது துறைமுக அலுவலகம் அல்ல, அம்மா. துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனவள், பாதி பிழிந்த போர்வையைத் தோளில் போட்டபடியே பெரிய மகளுக்குப் போன் போட்டாள்.

"வந்துட்டாடி உன் தங்கச்சி. வெள்ளை வெளேர்னு, அந்தக் கரி புகைபோக்கிக்குப் பக்கத்துல. இப்ப எந்தப் பக்கமா நிக்கிறா அவ?"

"அம்மா, அது கப்பல்மா. நம்ம தெரு முழுக்க அதுக்குள்ள அடங்கும். அவ உள்ளே எங்கயாவது வேலையா இருப்பா."

"வெளியே வந்து ஒரு தடவை கையை ஆட்டச் சொல்லேன். உங்கப்பா பைனாகுலரை வெச்சுக்கிட்டுக் காலையிலேருந்து கீழே இறங்க மாட்டேங்கிறார்."

பெரியவள் போனை வைத்துவிட்டு, தான் வேலை பார்க்கும் எரிவாயு நிலையத்தின் கட்டுப்பாட்டு அறை ஜன்னலுக்கு ஓடினாள் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அவள் ஓடுகிற ஜாதி இல்லை. கையிலிருந்த டீயை மூடிவைத்தாள், திரையில் எல்லா எண்களும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்த்தாள், பக்கத்தில் இருந்தவனிடம் "ஒரு நிமிஷம்" என்று சொன்னாள், அப்புறம் நடந்து போனாள். அதனால்தான் அவளுக்கு ஆமை என்று பெயர். பள்ளிக்கூடத்தில் கொடுத்த பெயர் வேறொன்று உண்டு. அதைச் சொல்லி விசாரித்தால் தெருவில் பாதிப் பேருக்கு ஆள் தெரியாது.

பெயரை வைத்தது தங்கைதான். இருவரும் சேர்ந்து பள்ளிக்கூடம் போன காலத்தில், சாலை ஓரம் வந்ததும் ஆமை தங்கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள். வலது பக்கம் பார்ப்பாள். இடது பக்கம் பார்ப்பாள். மறுபடியும் வலது பக்கம் பார்ப்பாள். எதிரே நிற்கிற பஸ், பார்த்துக்கொண்டிருக்கும்போதே கிளம்பிப் போய்விடும். "நீ பார்த்து முடிக்கிறதுக்குள்ள எனக்குக் கல்யாண வயசே வந்துடும்கா" என்று தங்கை பல்லைக் கடிப்பாள். தங்கைக்கு வீட்டில் பட்டாசு என்று பெயர். காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு இடத்தில் நின்று யாரும் அவளைப் பார்த்ததில்லை.

இந்தப் பட்டாசுதான் வளர்ந்து, தீக்குச்சி கூட எடுத்துப் போகக் கூடாத கப்பலில் வேலைக்குச் சேர்ந்தாள். இயற்கை எரிவாயுவைச் சுமக்கிற கப்பல். அதில் அந்த வாயுவைக் கட்டி மேய்க்கிற பொறியாளர். "பட்டாசை வேலைக்கு எடுத்துக்கிட்டு மத்தவங்ககிட்ட லைட்டர் இருக்கான்னு தேடுறாங்களாம்" என்று அப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். ஆமை அதே வாயுவைக் கரையில் வாங்கிவைக்கிற நிலையத்தில் சேர்ந்தாள். ஒருத்தி கொண்டுவருகிறவள், ஒருத்தி வாங்கிக்கொள்கிறவள். ஆனால் கொண்டுவந்து கொடுக்கிற நாள் அதுவரை வரவில்லை. நிலையம் அப்போதுதான் கட்டி முடிந்திருந்தது. தொட்டியில் இதுவரை ஒரு சொட்டு விழுந்ததில்லை. முதல் சரக்கு எந்தக் கப்பலில் வருகிறது என்று பார்த்தால், பட்டாசு இருக்கிற கப்பலில். இரண்டு கம்பெனிகளிலும் யாரும் திட்டமிடவில்லை. அம்மா மட்டும் தான் வேண்டிக்கொண்டதுதான் காரணம் என்று அடித்துச் சொன்னாள்.

இந்த வாயுவின் கதையும் வேடிக்கையானதுதான். ஒரு காலத்தில் எண்ணெய்க் கிணறு தோண்டினால் கூடவே இதுவும் வரும். அழையாத விருந்தாளியைப் பார்ப்பதுபோல் பார்த்து, கிணற்றடியிலேயே கொளுத்திவிட்டவர்கள் ஏராளம். இன்று அதற்கு உலகம் முழுக்க வரிசை. உறைந்துபோகிற குளிரை விடவும் பல மடங்கு குளிரவைத்தால் அது தண்ணீர் மாதிரி திரவமாகிறது. ஒரு வீடு நிறைய இருக்கிற வாயு ஒரு அலமாரிக்குள் அடங்கிவிடும். அப்படி அடக்கிக் கப்பலில் ஏற்றிவிட்டால் எந்தக் கடலையும் தாண்டும். ஒரு கண்டத்தில் குளிர் கூடினால் இன்னொரு கண்டத்துக்குப் போகிற கப்பல் நடுக்கடலில் மூக்கைத் திருப்பிக்கொள்ளும். கேட்கிற ஊர்கள் அத்தனை.

ஆமையின் ஊரும் கேட்டது. ஊருக்கு மின்சாரம் தந்துகொண்டிருந்த நிலக்கரி நிலையம் கிழடாகிவிட்டது. அது தும்மினால் ஊர் இருட்டாகும், தும்மாத நாளில் ஜன்னல் விளிம்பில் கரித்தூள் படியும். அம்மா தினமும் காலையில் ஈரத்துணியால் துடைத்து, கறுத்துப்போன துணியை எல்லோர் முகத்துக்கு நேராகவும் காட்டுவாள். அதன் பக்கத்திலேயே வாயுவில் ஓடுகிற புதிய மின்நிலையம் எழும்பி, சாப்பாட்டுக்கு உட்கார்ந்த பிள்ளை மாதிரி காத்திருந்தது.

"இதுவும் எரிக்கிற சாமான்தானே, சுத்தம் சுத்தம்னு சொல்றீங்களே" என்று அப்பா ஒருநாள் கேட்டார்.

ஆமை மழுப்பவில்லை. "எரிச்சா புகை இருக்கும்ப்பா. கரியைவிடக் குறைச்சல். தூள் இருக்காது. கசிய விட்டா அதுவும் கெடுதல்தான். அதான் நாங்க கண்கொத்திப் பாம்பா உட்கார்ந்திருக்கோம்."

அந்த முதல் சரக்கை வாங்குகிற பொறுப்பை ஆமை ஒற்றைக் காலில் நின்று கேட்டு வாங்கியிருந்தாள். நிலையத்தில் முணுமுணுப்பு எழாமல் இல்லை. இவள் வாங்கி முடிப்பதற்குள் வாயு தானாக ஆவியாகிப் போய்விடும் என்றார்கள். மேலாளர் கடைசியில் சம்மதித்தார். அவருக்கும் ஒரு பெயர் உண்டு: அலாரம். மணி என்ன, மணி என்ன என்று கேட்டே மனிதர்களை எழுப்பிவிடுகிறவர். அன்று காலையிலிருந்து கட்டுப்பாட்டு அறையில் அவளுடைய நாற்காலிக்குப் பின்னால் அவர் நின்றுகொண்டிருந்தார்.

அவர் பதறியதில் நியாயம் இருந்தது. அந்தத் துறைமுகத்தின் வாய் ஆழம் குறைந்தது. கடல் ஏறியிருக்கும்போதுதான் அவ்வளவு பெரிய கப்பல் உள்ளே வரவும் வெளியே போகவும் முடியும். கப்பல் காலை ஏற்றத்தில் உள்ளே வந்து கட்டிக்கொண்டது. மாலை ஏற்றத்துக்குள் அதன் பெரிய பம்புகள் ஓடத் தொடங்கி, சரக்கு இறங்க ஆரம்பித்துவிட வேண்டும். இல்லையென்றால் அந்த ஏற்றத்திலேயே கிளம்பிப் போய்விடலாம் என்று ஒப்பந்தம். பக்கத்துக் கடற்கரை நிலையம் ஏற்கனவே கையை நீட்டிக்கொண்டு நின்றது. அப்படிக் கப்பல் போனால் ஊருக்கு அடுத்த கப்பல் எப்போது என்று யாருக்கும் தெரியாது. ஆமைக்கு இந்த நாற்காலி இனி கிடைக்காது என்பது மட்டும் தெரியும்.

இன்னொன்றும் இருந்தது. பட்டாசுக்குப் பதிலாக வேலை ஏற்க வேண்டிய ஆள் பெட்டியோடு துறைமுக விடுதியில் காத்திருந்தான். இங்கே சரக்கு இறங்கினால் ஆள் மாற்றம். அவள் வீட்டுக்கு வரலாம். இறங்காவிட்டால் அவளும் கப்பலோடு போக வேண்டியதுதான். அம்மா அவள் படுக்கைக்குப் புது உறை போட்டுவைத்துவிட்டாள்.

கப்பலைத் துறையில் கட்டியதும் கரையிலிருந்து குழாய் பொருத்திய இரும்புக் கைகள் இறங்கிக் கப்பலின் வாயைக் கவ்விக்கொண்டன. அடுத்தது குழாயைக் குளிரவைக்கும் வேலை. இறங்குதுறையிலிருந்து தொட்டி வரைக்கும் நீளமான குழாய், வெயிலில் காய்ந்து சூடாகக் கிடக்கிறது. அதற்குள் அத்தனை குளிரான திரவத்தை எடுத்த எடுப்பில் கொட்டினால் உலோகம் சுருங்கி விரிசல் விடும். அதனால் முதலில் குளிர்ந்த ஆவியை விடுவார்கள். பிறகு கொஞ்சமாகத் திரவம். குழாய் முழுக்கக் குளிர்ந்த பிறகுதான் பெரிய பம்பு. எவ்வளவு விடலாம் என்பதற்கு விதிப்புத்தகத்தில் ஒரு கீழ் எல்லை, ஒரு மேல் எல்லை. ஆமை எந்த எல்லையைப் பிடித்திருப்பாள் என்று சொல்லத் தேவையில்லை. கீழ் எல்லைக் கோட்டின் மேலேயே விரலை வைத்து, இதற்கு மேல் வேண்டாம் என்றாள்.

திரவத்தை விடுவது கப்பல். விடச் சொல்வது கரை. இரண்டுக்கும் நடுவே ஒரு தொலைபேசி. பேசுவதெல்லாம் பதிவாகும், அறையில் இருக்கிற எல்லோருக்கும் ஸ்பீக்கரில் கேட்கும். இரண்டு பக்கத்திலும் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. எந்தப் பக்கம் அமுக்கினாலும் இரண்டு பக்கமும் நின்றுபோகும். யாரும் யாரையும் காரணம் கேட்க முடியாது.

"கப்பலுக்குக் கரை. சொல்லுங்க" என்றாள் ஆமை, முதல் தடவை.

அந்தப் பக்கம் ஒரு சின்னச் செருமல். சிரிப்பை விழுங்குகிற தங்கையின் செருமல் அது என்று ஆமைக்குத் தெரியும். "கரைக்குக் கப்பல். வணக்கம் மேடம். நாங்க தயார். நீங்க சொல்ற வேகத்துல விடுறோம்." வேகம் என்ற சொல்லில் ஒரு அழுத்தம் இருந்தது.

"கீழ் எல்லையில விடுங்க."

"எதிர்பார்த்தேன் மேடம்" என்றது கப்பல்.

அறையில் சிரிப்பு எழுந்தது. அலாரம் மட்டும் மணி பார்த்தார்.

காலை முழுக்க நன்றாகத்தான் போயிற்று. திரையில் குழாயின் எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. வெளியே கொளுத்துகிற வெயிலில் குழாயின் மூட்டுகளில் வெள்ளையாகப் பனி பூத்தது. உலோகம் சுருங்கும்போது டக், டக் என்று சத்தம் போட்டது. முதல் நாள் என்பதால் ஆளாளுக்கு ஒரு சாக்குச் சொல்லி வெளியே போய் அதைக் கேட்டுவிட்டு வந்தார்கள். தூரத்துக் கடலடியிலிருந்து கிளம்பிய ஒரு பொருள் தங்கள் ஊர்க் குழாய்க்குள் நடந்துவருகிறது என்ற எண்ணமே எல்லோர் முகத்தையும் பிரகாசமாக்கியிருந்தது. ஆமையே ஒரு தடவை எழுந்து ஜன்னல்வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பயத்தால் அல்ல, சந்தோஷத்தால்.

மதியத்துக்கு மேல் அந்தச் சந்தோஷத்தில் மண் விழுந்தது.

குழாயின் நடுப்பகுதியில், மேல்புறத்துக்கு ஒரு வெப்பமானி, அடிப்புறத்துக்கு ஒரு வெப்பமானி. காலையில் இரண்டும் சேர்ந்தே இறங்கின. இப்போது அடிப்புறம் விறுவிறுவென்று இறங்குகிறது, மேல்புறம் அசைய மாட்டேன் என்கிறது. இரண்டுக்கும் இடைவெளி கூடிக்கொண்டே போனது. ஆமை கருவி பழுதோ என்று முதலில் பார்த்தாள். பக்கத்துக் கருவிகளும் அதையேதான் சொல்லின. வெளியே குழாயோரம் நடந்துகொண்டிருந்த நெட்டையை வாக்கி-டாக்கியில் கூப்பிட்டாள். ஆறடிக்கு மேல் வளர்ந்தவன், குழாய்த் தாங்கிகளைக் குனியாமல் பார்க்க முடியாதவன்.

"நடுவுல குழாய் எப்படி இருக்குன்னு பாருங்க."

கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. "மேடம், குழாய் தாங்கியை விட்டு மேலே எழும்பியிருக்கு. நடுவுல என் கை நுழையுது. முதுகைத் தூக்கிக்கிட்டு நிக்குது, பூனை சிலிர்த்துக்கிட்ட மாதிரி."

அடிப்புறம் குளிர்ந்து சுருங்குகிறது, மேல்புறம் சூட்டோடு நீளமாகவே இருக்கிறது; குழாய் வில்லாக வளைகிறது. இன்னும் வளைந்தால் மூட்டு பிளக்கும். மூட்டு பிளந்தால் என்ன ஆகும் என்று அங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

காலையிலிருந்து சீக்கிரம், சீக்கிரம் என்று பிடுங்கிக்கொண்டிருந்த அலாரத்தின் முகத்தில் ரத்தமே இல்லை. "நிறுத்துங்கம்மா. எல்லாத்தையும் நிறுத்துங்க. குழாய் சூடாகட்டும், பழைய நிலைக்கு வரட்டும், அப்புறம் முதல்லேருந்து பார்த்துக்கலாம்."

"நிறுத்தினா மாலை ஏற்றம் போயிடும் சார்."

"போகட்டும். கப்பல் போனா இன்னொரு கப்பல் வரும்."

வரும்தான். எப்போது என்று அவரால் சொல்ல முடியாது. ஆமையின் கண்முன்னால் அந்தப் புது உறை போட்ட படுக்கை வந்து நின்றது. அதற்காக ஒரு மூட்டைப் பிளக்கவிட முடியுமா? முடியாது. நிறுத்த வேண்டுமென்றால் நிறுத்தத்தான் வேண்டும். அவள் கை சிவப்புப் பொத்தானின் மூடியைத் திறந்தும் விட்டது.

ஆனால் அவள் ஆமை. எதையும் ஒரு தடவை பார்த்து முடிவெடுத்துப் பழக்கமில்லாதவள். மேல்புற எண்ணைப் பார்த்தாள். அடிப்புற எண்ணைப் பார்த்தாள். எவ்வளவு திரவம் வருகிறது என்ற எண்ணைப் பார்த்தாள். அந்த மூன்றாவது எண்ணில்தான் அவள் பார்வை ஒட்டிக்கொண்டது. கீழ் எல்லை. தான் விரல் வைத்துக் காட்டிய அதே கோடு.

அந்த அகலமான குழாய்க்குள் அவ்வளவு கொஞ்சமாகத் திரவம் வந்தால் அது எங்கே போகும்? அடியில் ஒரு சின்ன வாய்க்கால் மாதிரி ஓடும். மேல்புறத்தை எட்டிக்கூடப் பார்க்காது. நிறையத் திரவம் வந்தால் அது கொதித்து, குழம்பி, தெறித்து, குழாயின் உள்சுவர் முழுக்க அடிக்கும். மேலும் கீழும் சேர்ந்து குளிரும். குழாயை வளைத்தது அவசரம் அல்ல. மெதுவாக, இன்னும் மெதுவாக என்று காலையிலிருந்து அவள் காட்டிய அக்கறைதான் அதை வளைத்திருக்கிறது. இத்தனை வருஷமாக எது தன்னைக் காப்பாற்றுகிறது என்று நம்பினாளோ, அதுவே.

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. வெட்கம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் சந்தோஷம். வழி இருக்கிறது என்று தெரிந்துவிட்டதே.

புத்தகத்தை இழுத்தாள். வளைவு கண்டால் நிறுத்து. அல்லது, மூட்டு நகர்வு எல்லைக்குள் இருந்தால் ஓட்டத்தைக் கூட்டு. இரண்டுமே எழுதியிருந்தது. "நெட்டை, மூட்டு எவ்வளவு நகர்ந்திருக்கு? வரைஞ்சிருக்கிற கோட்டுக்குள்ளயா, வெளியேயா?"

"உள்ளேதான் மேடம். பாதி கூடப் போகல."

"தள்ளி வந்து நில்லுங்க. அங்கிருந்தே பார்த்துக்கிட்டு இருங்க."

அலாரத்திடம் திரும்பி, புத்தகத்தையும் திரையையும் காட்டிச் சொன்னாள். அவர் படித்தவர், வேலை தெரிந்தவர். இரண்டாவது வாக்கியத்திலேயே புரிந்துகொண்டார். ஆனால் புரிவது வேறு, தைரியம் வேறு. "சரியாத்தான் தோணுது" என்றார். "ஆனா... நீங்களா சொல்றீங்க இதை?"

ஆமை தொலைபேசியை எடுத்தாள்.

"கப்பலுக்குக் கரை. திரவத்தை இப்ப விடுறதைவிட நாலு மடங்காக்குங்க."

கப்பலில் எங்கோ ஒரு விசிறி ஓடுகிற சத்தம் மட்டும் ஸ்பீக்கரில் கேட்டது.

"கரைக்குக் கப்பல். திரும்பச் சொல்லுங்க. குறைக்கணுமா, கூட்டணுமா?"

"கூட்டணும். நாலு மடங்கு."

"யார் பேசுறது?"

"கரைப் பொறுப்பாளர்."

"குரல் கரைப் பொறுப்பாளர் குரல் மாதிரிதான் இருக்கு" என்றது கப்பல். அதில் சிரிப்பே இல்லை. "ஆனா அவங்க இப்படிப் பேச மாட்டாங்க. எனக்கு அவங்களைப் பிறந்ததிலேருந்து தெரியும். குழாய் வளையுதுன்னு இங்கே என் திரையிலயும் தெரியுது. இந்த நேரத்துல கூட்டச் சொல்றீங்கன்னா, பக்கத்துல நின்னு யாராவது உங்களை அவசரப்படுத்துறாங்களா?"

அறையில் எல்லாத் தலைகளும் அலாரத்தின் பக்கம் திரும்பின. அவர் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். "ஐயோ, நான் நிறுத்தத்தாம்மா சொன்னேன்."

"அவசரப்படுத்தினா நான் இங்கிருந்தே நிறுத்திடுவேன்" என்றது கப்பல். "கை பொத்தான் மேலதான் இருக்கு."

அமுக்கிவிடுவாள். ஆமைக்கு நன்றாகத் தெரியும். அக்காவை யாரோ மிரட்டுகிறார்கள் என்று தோன்றினால் அவள் எதையும் செய்வாள். பள்ளிக்கூடத்தில் அக்காவை மிரட்டிய ஒருத்தியின் சடையை அறுத்தவள். அவள் அமுக்கினால் கதை முடிந்தது. கப்பல் போகும், கூட அவளும் போவாள். விளக்கம் சொல்ல நேரமில்லை. மேல்புறத்துக்கும் அடிப்புறத்துக்கும் இடைவெளி கூடிக்கொண்டே இருந்தது.

பதிவாகிற தொலைபேசி, மரியாதையாகப் பேச வேண்டிய தொலைபேசி. ஆமை மரியாதையைக் காற்றில் விட்டாள்.

"பட்டாசு, இங்க பாரு. ரோட்டைக் கடக்கும்போது நான் என்ன பண்ணுவேன்?"

"வலது பக்கம் பார்ப்பே. இடது பக்கம் பார்ப்பே. மறுபடி வலது பக்கம் பார்ப்பே. அதுக்குள்ள பஸ் போயிடும்."

"இன்னிக்கும் பார்த்துட்டேன்டி. மேல பார்த்தேன், அடியில பார்த்தேன், நீ விடுற அளவைப் பார்த்தேன். என்னை யாரும் அவசரப்படுத்தல. நான் மெதுவா விடச் சொன்னதுதான் தப்பு. அதனாலதான் வளையுது. பஸ் இன்னும் நிக்குது. ஓடு."

அந்தப் பக்கம் யாரோ நீளமாக மூச்சு விட்டார்கள்.

"நாலு மடங்கு. கூட்டுறேன்" என்றாள் பட்டாசு. பிறகு, மெதுவாக, "கெட்டியா பிடிச்சுக்கோக்கா" என்றாள்.

முதலில் நிலைமை மோசமானது. அடிப்புறம் இன்னும் விழுந்தது. இடைவெளி காட்டும் எண் மஞ்சளிலிருந்து சிவப்புக்கு ஏறியது. அலாரம் நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், நாற்காலி ஆமையையும் சேர்த்து ஆடியது. ஆமை மேல்புற எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கு. இறங்கேன். உனக்கு என்னடா கேடு.

அது இறங்கியது. கொஞ்சம். பிறகு இன்னும் கொஞ்சம். பிறகு படிக்கட்டில் உருண்ட பந்து மாதிரி தடதடவென்று. வெளியே குழாய் நீளமாக உறுமியது. ஜன்னல் கண்ணாடி வழியாகவே கேட்டது. சிவப்பு மஞ்சளானது, மஞ்சள் பச்சையானது.

வாக்கி-டாக்கியில் நெட்டையின் குரல் உடைந்து வந்தது. "மேடம், உட்கார்ந்துடுச்சு. தாங்கி மேல உட்கார்ந்துடுச்சு. சமத்தா."

ஆமைக்கு அழுகை வந்தது. வரட்டும் என்று விட்டாள். அழுதுகொண்டே அடுத்த வால்வைத் திறக்கச் சொன்னாள்.

கடல் முழுக்க ஏறுவதற்கு முன்பே குழாய் முழுக்கக் குளிர்ந்துவிட்டது. "கப்பலுக்குக் கரை, பெரிய பம்பை ஓட்டுங்க" என்று ஆமை சொல்ல, "ஓட்டுறோம் மேடம்" என்று கப்பல் சொல்ல, தொட்டியின் அடியில் திரவத்தின் அளவு பூஜ்யத்தை விட்டு நகர்ந்தது. அந்த எண் நகர்ந்ததைப் பார்த்து வளர்ந்த மனிதர்கள் துள்ளினார்கள். அலாரம் முதல் தடவையாக மணி கேட்க மறந்தார். மாலை ஏற்றம் வந்தது, துறைமுகத்தின் வாய் நிறைந்தது, கப்பல் அசையாமல் கட்டிய இடத்திலேயே நின்றது. பக்கத்துக் கடற்கரைக்காரர்கள் நீட்டிய கையை மடக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.

இருட்டுகிற நேரத்தில் தொட்டியிலிருந்து முதல் வாயு புதிய மின்நிலையத்துக்குப் போனது. வெளியே பார்க்கிறவர்களுக்கு அதில் காண ஒன்றுமில்லை. புகைபோக்கியின் மேல் காற்று லேசாக நெளிந்தது, அவ்வளவுதான். அம்மா போன் செய்தாள்.

"ஏண்டி, ஆரம்பிச்சாச்சா, இல்லையா? ஒண்ணுமே தெரியலையே."

"தெரியக் கூடாதும்மா. அதுக்குத்தான் இவ்வளவு பாடு."

"நல்லா இருக்கே கூத்து" என்றாள் அம்மா. "சரி, அவ வர்றாளா?"

"வர்றா."

அந்தப் பக்கத்திலிருந்து அப்பாவைக் கூப்பிடுகிற சத்தமும், மாடிப்படியில் யாரோ தடதடவென்று இறங்குகிற சத்தமும்தான் வந்தன.

மறுநாள், சரக்கு இறங்கி முடிந்து, மாற்றாள் பெட்டியோடு ஏறிய பிறகு, கப்பலின் ஏணிப்படியில் பட்டாசு இறங்கினாள். முகம் கறுத்து, தலைமுடியைக் கட்டையாக வெட்டி, தோளில் ஒரு மூட்டை. ஏணிக்கும் ஆமை நின்ற இடத்துக்கும் நடுவில் வண்டிகள் போகிற சின்னச் சாலை ஒன்று இருந்தது. பட்டாசு ஒரே பாய்ச்சலாகத் தாண்டிவிடுவாள் என்று ஆமை எதிர்பார்த்தாள். அவள் தாண்டவில்லை. சாலையின் ஓரத்தில் வந்து நின்றாள். ஒரு ஈ காக்கை இல்லாத அந்தச் சாலையில், வேண்டுமென்றே, வலது பக்கம் பார்த்தாள். இடது பக்கம் பார்த்தாள். மறுபடியும் வலது பக்கம் திரும்ப ஆரம்பித்தாள்.

அவள் பார்த்து முடிக்கும்வரை ஆமையால் பொறுக்க முடியவில்லை. எந்தப் பக்கமும் பார்க்காமல், தலைக்கவசம் ஒரு பக்கம் விழ, அவள் ஓடினாள்.

காவலாளி விசில் ஊதினார். "மேடம், இந்த இடத்துல ஓடக் கூடாது" என்றார். அவள் வாழ்க்கையில் அப்படி ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அதற்குள் அவள் தங்கையின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டிருந்தாள்.